உப்பின் மேல் கால் வைக்க

கனடாவில் பனி விழுந்தால் காலையில் லாரியில் உப்பைக் கொண்டுவந்து நடுரோட்டில் இறைக்கிறார்கள், பனி இளகட்டும் என்று. ஊரே பூட்ஸ் காலோடு அதை மிதித்துக்கொண்டு வேலைக்குப் போகிறது. நான் மட்டும் ஓரத்துப் பனியில் வழுக்கி வழுக்கி நடப்பேன். பக்கத்து வீட்டு ஜான் காரணம் கேட்டார். "எங்கள் ஊரில் உப்பு லட்சுமி" என்றேன். லட்சுமி என் மனைவி என்று நினைத்து, அவள் எப்போது வருகிறாள் என்று விசாரித்தார்.

பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு மரக்காணம் உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். செருப்பைக் கரையில் விட்டுத்தான் பாத்தியில் இறங்க வேண்டும். லட்சுமியை மிதிக்கலாமா? முதல் கோடையிலேயே பாதம் வெடித்து, வெடிப்பில் உப்புநீர் இறங்கி, காலை ஊன்ற முடியவில்லை. முதலாளி சிரித்தார். "உப்புன்னா எரியத்தாம்பா செய்யும். போய் வேலையப் பாரு." அவர் கரையில் உப்புக் குவியலின் மேல் செருப்போடுதான் நின்றார். அந்த உப்பில் லட்சுமி இல்லை போலும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிறகு வெல்டிங் கற்று இங்கே வந்தேன். பூட்ஸ் போடாமல் உள்ளே விடமாட்டோம் என்று தொழிற்சாலையில் முதல் நாளே சொன்னார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. உப்பளத் தொழிலாளர்களுக்கும் பூட்ஸ் வேண்டும் என்று ஊர் அதிகாரிகளுக்கு மனு மேல் மனு போட்டேன். கிணற்றில் போட்ட கல். கடைசியில் நானே சில ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கி, விடுமுறையில் கொண்டுபோனேன்.

என்னோடு உப்பு வாரிய அஞ்சலை அக்காவுக்கு அப்போதே கால் விரலில் புண். பூட்ஸைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"வேணாம் தம்பி. நான் இத்தப் போட்டுக்கினு எறங்கி, நாளைக்கே மழை வந்து உப்பு கரைஞ்சிதுன்னா, லட்சுமிய மிதிச்சிட்டேன்னு எம்மேலதான் பழி போடுவாங்க. அப்புறம் எவன் வேலை குடுப்பான்?"

"கால் போயிடும்க்கா."

"வேலை போனா வயிறு போயிடும்பா."

பூட்ஸை உப்பளத்துக் கொட்டகையில் வைத்துவிட்டு வந்தேன். மனம் மாறாதா என்ற நப்பாசைதான்.

போன முறை ஊருக்குப் போனபோது ஆயுதபூஜை. கொட்டகையில் மண்வெட்டி, உப்பு வாரும் பலகையோடு என் பூட்ஸும் வரிசையாக இருந்தன. சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். அஞ்சலை அக்கா கோலூன்றி வந்து அவற்றைக் கும்பிட்டாள். அவள் வலது காலில் இரண்டு விரல்கள் இல்லை.

மனு எழுதுவதை நான் விடவில்லை. நம்பிக்கையோடு எழுதுகிறேன் என்று பொய் சொல்லமாட்டேன். இன்றும் இங்கே பனி. பூட்ஸ் மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கி, ஒரு காலை உப்பின் மேல் வைத்தேன். மற்ற கால் வரமாட்டேன் என்றது.