சட்டையில் படாத பந்து

அந்தப் பந்து என் மருமகள் மேல் படவில்லை. பட்டது என்று நான் தீர்ப்புச் சொன்னேன். லிட்கம் மைதானத்தில், புலம்பெயர்ந்து வந்த எங்கள் ஊர்ச் சங்கத்தின் விளையாட்டு விழா. பெண்களின் எல்லேப் போட்டிக்கு நான் நடுவர். மூங்கில் தடியால் பந்தை விளாசிவிட்டுச் சுற்றி ஓடிவர வேண்டும். ஓடுகிறவர் மேல் எறிபந்து பட்டால் அவர் அவுட். காலை மழையில் பந்து சேறாகியிருந்தது. பட்டவர்கள் எல்லோருடைய சட்டையிலும் சேற்று வட்டம் இருந்தது. வெற்றி ஓட்டத்தை முடித்து நின்ற அவளுடைய மஞ்சள் சட்டையில் ஒன்றுமில்லை.

“படேல்லை மாமா. வடிவாய்ப் பாருங்கோ, சேறு இருக்கோ எண்டு,” என்று முதுகைத் திருப்பிக் காட்டினாள். “மாமனார் நடுவர், பிறகென்ன, கப் வீட்டுக்குத்தான்,” என்று கூடாரத்திலிருந்து யாரோ சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். ஊரில் பாடசாலை அதிபராக இருந்தவன் நான். பக்கச்சார்பு என்ற சொல்லைத் தாங்கமாட்டேன். “பட்டது. பொய் சொல்லாதை பிள்ளை,” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. நேர்மையான மனிதர் என்று அன்று பலர் என்னை மெச்சினார்கள்.

அதன் பிறகு வீட்டில் அவள் எதைச் சொன்னாலும், “எல்லேயிலை சொன்ன மாதிரியோ?” என்று என் மகன் கேட்பான். நானும் சிரிப்பேன். ஒருநாள் குசினியில் அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டைக் கையை உயர்த்தி, “உங்கட மகன் அடிச்சது, மாமா,” என்றாள். தோளுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. பார்த்தேன். “அவன் அப்பிடிச் செய்யிற பிள்ளை இல்லை. பொய் சொல்லாதை,” என்றேன். மைதானத்தில் பேசிய அதே குரல். அந்த வாரமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இப்போது தாயும் மகளும் குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கிறார்கள்.

இந்த ஆண்டு விழாவுக்குப் பேத்தி விளையாட வந்திருந்தாள். தாய் கோட்டோரம் நின்றாள். நான் மைக்கை வாங்கி, அன்றைய தீர்ப்பு பிழை, பந்து அவள் மேல் படவில்லை, அவள் என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். கைதட்டினார்கள். “ஐயா, அந்தக் கப்பைத் திருப்பிக் குடுக்கச் சொல்லட்டோ?” என்று ஒருவர் கேட்க, மைதானமே சிரித்தது. பாரம் இறங்கியதென்று நானும் சிரித்தேன்.

அவள் கிட்ட வந்தாள்.

“பந்து படேல்லை எண்டு எனக்கு அப்பவே தெரியும், அங்கிள். மற்றதையும் இந்த மைக்கிலையே சொல்லுங்கோ.”

கண்ட முதியவரையெல்லாம் கூப்பிடுவதுபோல் அங்கிள் என்றாள். மைக் என் கையில்தான் இருந்தது. மகன் நிழலில் கதிரை போட்டு இருந்தான். நான் அடுத்த போட்டிக்கு அணிகளை வரும்படி அறிவித்தேன்.

அவள் திரும்பி நடந்தாள். அன்று என்னை வடிவாய்ப் பார்க்கச் சொன்ன முதுகு.