எட்டுக் குழாய்களோடு கேமரன் மலைக்கு

சென்ற மாதம் இரண்டாவது சனிக்கிழமை கேமரன் மலைக்குப் போனேன். தேயிலை பார்க்க அல்ல, மலம் வாங்க. முகம் சுளிக்காமல் படியுங்கள்.

குடல் புற்றுநோயிலிருந்து மீண்டவன் நான். ஈப்போவில் எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஓர் ஆய்வில் இருக்கிறார். பெயரெழுதாத நோட்டு யாருடையது என்று ஆசிரியர் கையெழுத்தை வைத்தே சொல்வார் அல்லவா? அப்படி, குடல் நுண்ணுயிர்களின் கலவையை வைத்து எந்தப் புற்றுநோய் என்று சொல்லக் கணினியைப் பழக்குகிறார்கள். ஒப்பிட, நோயில்லாதவர்களின் மலமும் வேண்டும்.

"எஸ்டேட் ஆளுங்க ஒருத்தர்கூட இதுல இல்ல சார். கேட்டா தரமாட்டாங்க," என்றார். எஸ்டேட் பள்ளியில் வாத்தியாராக இருந்த எனக்குச் சுருக்கென்றது. மலம் சேகரிக்கும் எட்டுக் குழாய்களையும் சில மாற்றுக் குழாய்களையும் ஒரு பெட்டியில் வாங்கிக்கொண்டேன்.

ஈப்போவிலிருந்து காலை எட்டு மணி பஸ். கம்போங் ராஜாவுக்கு ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து தோட்டம் பதினோரு கிலோமீட்டர். டாக்சிக்கு முப்பது ரிங்கிட். பெட்டியில் என்னவென்று டிரைவர் கேட்டார், சொன்னேன். "எல்லாரும் ஸ்ட்ராபெரிக்கு வருவாங்க. இதுக்கு வந்தது நீங்க ஒருத்தர்தான்லா!"

என் பழைய மாணவி சரோஜா அங்கே கொழுந்து பறிக்கிறாள். என்ன புற்றுநோய் என்று தெரிவதற்குள் அவள் கணவன் போய்விட்டான். அவளே எட்டு வீட்டுக்கும் விளக்கி, சம்மதக் கையெழுத்து வாங்கி, குழாய்களைக் கொடுத்தாள். தன்னுடையது மறுநாள் காலையில்தான் என்றாள். மற்ற ஏழும் அரை மணி நேரத்தில் நிரம்பி வந்தன.

ஏழு வயிறும் ஒரே நேரத்திலா? காப்பியடித்த விடைத்தாள்களை முப்பத்து நான்கு வருடம் பார்த்தவன் நான். விசாரிக்கப் போன சரோஜா முகம் சிவந்து திரும்பினாள்.

"எல்லாம் லோரி ஓட்டுற குமார் அண்ணனோடதாம் சார்! இவங்களுக்கு வெட்கமாம். வாத்தியார் வெறுங்கையோட போகக்கூடாதுன்னு அவரே ஏழையும் ரொப்பிட்டாரு!"

அன்புதான். ஆனால் அந்த ஒரு வயிற்றையே தோட்டத்து வயிறு என்று கணினி படித்துக்கொள்ளும். குமார் வீடும் எட்டில் ஒன்று. அவருக்கென ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற ஆறையும் வீசினேன். மாற்றுக் குழாய்கள் கைவசம் இருந்தன.

அன்றிரவு அங்கேயே தங்கினேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு, லயத்து வரிசை வீடுகளெல்லாம் பார்க்க, சரோஜா தன் குழாயை என் கையில் வைத்தாள். "நம்ம வயித்தையே பார்க்காத மெஷினு, நம்ம நோய எப்படிச் சொல்லும்? வயிறு இல்லாதவங்க மட்டும் வெட்கப்படுங்க!"

பத்து மணிக்குள் இன்னும் ஐந்து வந்தன. ஒரு வீடு தரவில்லை. அது அவர்கள் உரிமை. அந்தக் குழாயில் 'காலி' என்றே எழுதினேன்.

போகிறவர்களுக்கு: ஸ்வெட்டர் எடுங்கள், வளைவுகள் அதிகம், பஸ்ஸில் முன் இருக்கை கேளுங்கள். உங்கள் ஊரில் யாராவது இப்படிக் குழாய் நீட்டினால், கேள்வி கேளுங்கள், மனமிருந்தால் கொடுங்கள். அடுத்தவருக்காக மட்டும் நிரப்பாதீர்கள்.

கணினி நாளை தவறாகவே சொல்லட்டும், திருத்தலாம். 'உங்களை நான் பார்த்ததே இல்லை' என்று மட்டும் இனி எங்களிடம் அது சொல்ல முடியாது.