வெறும் பேப்பரில் ஒரு ஷாட்

பங்குகளில் எரிபொருளைச் சோதிக்கப் போகும் எங்கள் வேனில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் மானம் போன கதைதான், பரவாயில்லை.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஒரு பெட்ரோல் பங்க். நடத்துபவர் கமலாத்தாள், ஐம்பது வயதிருக்கும். அங்கே வாங்கிய டீசலால் தன் டிராக்டரின் இன்ஜெக்டர் அடைத்துவிட்டது என்று ரங்கசாமி என்ற விவசாயி புகார் கொடுத்திருந்தார். டீசலில் சோடியம் இருந்தால் அப்படி அடைக்கும். இருப்பது உறுதியானால் அன்றைக்கே பங்குக்கு சீல்.

என் வேலை பார்க்கச் சுலபம். ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு டீசல், கையில் பிடிக்கும் லேசரால் ஒரு ஷாட். பொறி பறக்கும். எந்த உலோகம் இருக்கிறதோ அதற்குரிய கூர்கோடு, அதாவது பீக், திரையில் எழும்.

போனதும் கமலாத்தாள் தட்டை நீட்டினார்.

"ஏனுங்க சார், இந்த வெயில்ல வந்திருக்கீங்க. ஒரு துண்டு மாங்காயாச்சும் தின்னுட்டு வேலையப் பாருங்க."

உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிய மாங்காய். ஒன்றுக்கு நாலாகத் தின்றேன். கையைக் கைக்குட்டையில் துடைத்தேன். கிளவுஸ் வியர்வையில் வழுக்கியதால் கழற்றிப் போட்டுவிட்டு ஆரம்பித்தேன்.

மூன்று பேப்பர், மூன்று ஷாட். மூன்றிலும் சோடியம் பீக் திரையின் உச்சிக்குப் போனது. மேலதிகாரிக்கு போன் செய்தேன்.

"ஷுவர் தானே? சீல் வைக்க ஆளை அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க சார்."

கமலாத்தாள் முகம் வெளிறிவிட்டது. குனிந்து பேப்பரைப் பார்த்தார்.

"டீசல் ஊத்தாம வெறும் பேப்பர்ல சுட்டா என்னங்க காட்டும்?"

"ஒண்ணும் காட்டாதும்மா" என்றேன் எரிச்சலாக. அவர் வாயை அடைக்கத்தான் சுட்டேன். அதே பீக்.

விரலை முகர்ந்தேன். மாங்காய் வாசனை. அதில் தடவிய உப்பிலும் இருப்பது சோடியம்தான்.

வெளியே ரங்கசாமியும் இன்னும் பத்துப் பேரும் நின்றார்கள். இப்போது ரிசல்ட்டை மாற்றினால் நான் விலைபோய்விட்டதாகச் சொல்வார்கள். மாற்றாவிட்டால் பங்க் போச்சு. சீல் ஜீப் கிளம்பியிருக்கும். பேசாமல் வேனில் ஏறிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ரங்கசாமியைக் கூப்பிட்டேன். "தப்பு என்னோடதுங்க. உப்புக் கையோட பேப்பரைத் தொட்டுட்டேன்."

"மாங்காயக் குடுத்து ஆப்பீசரை மடக்கிட்டாங்களாட்ட இருக்குது" என்றார் அவர், எல்லோருக்கும் கேட்கும்படி.

அவர் கண்ணெதிரே கை கழுவி, புது கிளவுஸ் மாட்டி, புதுப் பாக்கெட்டைப் பிரித்தேன். முதலில் வெறும் பேப்பர். பீக் இல்லை. அடுத்து பங்க் டீசல். இல்லை. கடைசியாக, அவர் டீசல் வாங்கிப் போய், இப்போது ஆதாரமாகக் கொண்டுவந்திருந்த கேனிலிருந்து ஒரு சொட்டு. பீக் எழுந்தது.

"கேனை எதுலங்க கழுவுனீங்க?"

"எங்க போர் தண்ணியிலதானுங்க..." சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. அந்தப் பக்கத்து போர் தண்ணீரை உப்பால் வாயில் வைக்க முடியாது.

மேலதிகாரி போனில் என்னைக் கிழித்தெடுத்தார். ஜீப் பாதி வழியில் திரும்பிப் போனது.

கமலாத்தாள் நன்றி சொல்லவில்லை. "நான் கேக்காம இருந்திருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?" என்றார்.

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். அதுதான் உண்மை. அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை, உங்களிடம் சொல்கிறேன். முதல் ஷாட்டை வெறும் பேப்பரில் போடுங்கள்.