அடுப்பணைந்த வீட்டின் படையல்

அடியார் பெருமக்களே, நம் கூட்டுவழிபாட்டுக்கு வந்து உங்கள்முன் நின்று பேசும் வலு என் கால்களுக்கு இல்லை. எழுதி அனுப்புகிறேன். குரல் தெளிவான ஒருவர் வாசித்துவிடுங்கள். என் பிழையைச் சொல்லும் இடங்களில் வேகமாகக் கடந்துவிட வேண்டாம்.

கடந்த தை மாதத்தில், கனடாவின் இந்த மொன்றியல் மாநகரில், சோறு என் வாசலைத் தேடி வந்த நாட்களிலேயே, நான் பசியால் மெல்ல மெல்ல இறந்துகொண்டிருந்தேன்.

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஊரில் தமிழ் படிப்பித்தவன். ஆதலால் இங்கும் என்னை மாஸ்டர் என்றே அழைப்பார்கள். மனைவி சிவபதம் அடைந்து ஆறு ஆண்டுகள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அவள் என்னிடம் கேட்டது ஒன்றே. "சுவாமியைப் பட்டினி போட்டிட்டு நீங்கள் சாப்பிடக் கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணுங்கோ." சத்தியம் செய்தேன். அதுவரை தேநீர் போடவும் தெரியாதவன், சோறு வடிக்கவும் கறி வைக்கவும் பழகினேன். நீராடி, சமைத்து, படைத்து, ஒரு பதிகம் ஓதி, அதன் பின்னரே உண்பேன். ஆறு ஆண்டுகளில் ஒரு நாளும் தவறியதில்லை.

மார்கழியில் வெளிப்படியில் உறைந்திருந்த பனியில் வழுக்கி விழுந்தேன். இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சை முடிந்து, வோக்கர் என்னும் நடைச்சட்டத்தோடு வீடு திரும்பினேன். அதைப் பிடித்து நடக்க இரண்டு கையும் வேண்டும். கொதிக்கும் சட்டியை எந்தக் கையால் தூக்குவது? அடுப்பிலிருந்து சுவாமி அறைக்குப் பன்னிரண்டு அடி. அந்தப் பன்னிரண்டு அடியை என்னால் சோற்றோடு கடக்க முடியவில்லை.

படையல் நின்றது. படையல் நின்றதால் உணவும் நின்றது. மாத்திரைக்காகத் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் எடுத்தேன். அது உணவல்ல, மருந்து என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாரத்தில் ஒரு நாள் எப்படியாவது அடுப்படியில் சாய்ந்து நின்று சமைப்பேன். சுவரில் சாய்ந்து சாய்ந்து ஒரு பிடியைக் கொண்டுபோய்ப் படைத்துவிட்டு, அன்று மட்டும் உண்பேன்.

அதே மாடியின் எதிர்வீட்டில் பிலோமினா இருக்கிறாள். மன்னார்க்காரி, கத்தோலிக்கப் பெண், கணவனை இழந்தவள். டோர்வலில் விமானங்களுக்கு உணவு தயாரிக்கும் இடத்தில் வேலை. என் நிலையைக் கண்டு, நான் கேளாமலே நாள்தோறும் சோறும் மரக்கறியும் கொண்டுவந்து தந்தாள். நான் வாங்கினேன். மீன் சமைக்கும் வீட்டுச் சோற்றை எப்படிப் படைப்பது? படைக்காமல் எப்படி உண்பது? அதை அவளிடம் சொல்லவும் நா எழவில்லை. கறுப்புப் பையில் கொட்டி இறுகக் கட்டினேன். பெட்டியைக் கழுவி, "நல்ல ருசி, பிள்ளை" என்று திருப்பிக் கொடுத்தேன்.

என்னால் குப்பையைக் கீழே கொண்டுபோக முடியாது. அதையும் வியாழன்தோறும் அவளே கொண்டுபோனாள்.

மூன்றாம் வியாழன், என் வாசலிலேயே பை கிழிந்தது.

அவள் குந்தியிருந்து வெறுங்கையால் அள்ளத் தொடங்கினாள்.

"மாஸ்டர், இது நேற்றையான் என்ர கத்தரிக்காய்."

அவள் இன்னொரு பிடியை அள்ளினாள்.

"பருப்பும் கிடக்கு. ஏன், உப்புக் கூடிப் போச்சோ?"

"அதில்லைப் பிள்ளை. நீங்கள் மீன் காய்ச்சிற ஆக்கள். சுவாமிக்குப் படைக்கேலாது. படைக்காமல் நான் ஒண்டும்..."

"அது புதுச் சட்டி, மாஸ்டர். உங்களுக்கெண்டே கடையிலை வேண்டினனான். அகப்பையும் புதிசு. அதிலை மீன் பட்டதேயில்லை." அவள் குரல் உயரவில்லை. "வாயைத் திறந்து ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே. என்ர சோத்தை என்ர கையாலேயே கொண்டுபோய்க் குப்பையிலை போட வைச்சிட்டியளே."

வாசலைத் துடைத்துவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள். அறைந்து சாத்தியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

என் உடல் கரைந்தது. பியர்பொன்ட்ஸில் இருக்கும் மகன் தொலைபேசியில் சொன்னான்: "அப்பா, வாற மாசம் சோசல் வேர்க்கர் வந்து பார்ப்பா. நீங்கள் தனியச் சாப்பிட்டுக் குடிச்சு இருக்க மாட்டியள் எண்டு அவ எழுதினா, முதியோர் இல்லம்தான். என்ர வீட்டிலை எங்கையும் ஏறி இறங்கிற படி. நான் என்ன செய்ய?" அவனைக் குறை கூற மாட்டேன். ஆனால் அந்த இல்லத்தில் விளக்கேற்ற விடமாட்டார்கள் என்பதும், சுவாமி படங்களைப் பெட்டியில்தான் வைக்கவேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். என் சத்தியம் அந்தப் பெட்டிக்குள் முடிந்துவிடும்.

தை மாதத்துக் கடைசி வெள்ளி. எப்படியும் படைத்தே தீர்வது என்று முதல்நாளே பாசிப்பயறு ஊறவைத்திருந்தேன். காலையில் நீரை வடித்து வடிதட்டில் வைத்தேன். பின் மின்னடுப்பை முறுக்கிவிட்டு உப்புக்காகக் கையை நீட்டினேன். தோளில் கிடந்த சால்வையின் நுனி சிவந்த சுருளில் பட்டது. நெருப்பு என் முகத்துக்கு நேரே எழுந்தது. கழுவுதொட்டியில் நனைந்து கிடந்த துவாயை எடுத்து அடித்தேன். அணைந்தது. துவாயை எங்கோ எறிந்துவிட்டு நிலத்தில் சரிந்தேன். புகைமணி அலறியது. தீயணைப்புப் படையினர் வந்து என்னைத் தூக்கிக் கட்டிலில் இருத்தினார்கள். மாலையில் மகன் வந்து அடுப்பின் மின்னிணைப்பைக் கழற்றிவிட்டுப் போனான். இனி அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது நீர் கொதிக்கவைக்கும் கேத்தில் ஒன்றே.

இரண்டு நாள் கட்டிலிலேயே கிடந்தேன். நெஞ்சில் ஊறிய பதிகங்களில் ஓரடிகூட நினைவுக்கு வரவில்லை. அன்பர்களே, இதை மறைக்காமல் சொல்கிறேன்: நான் இறைவனைத் தொழவில்லை; அவனோடு வழக்காடினேன். "நீ பசித்திருக்கிறாய் என்றே நானும் பசித்திருந்தேன். இப்போது உனக்கு அடுப்பும் இல்லை. என்னை எடுத்துக்கொள். எடுக்க மாட்டாய் என்றால், எதை உண்பாய் என்றாவது சொல்!" சொல்லிவிட்டு அழுதேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை தாகம் தாளாமல் வோக்கரைப் பிடித்துச் சமையலறைக்குப் போனேன். நான் எறிந்த அந்த ஈரத்துவாய், வடிதட்டின் மேலேயே விழுந்து கிடந்தது. ஓரம் கருகியிருந்தது, நடுவில் ஈரம் இன்னும் காயவில்லை. தூக்கினேன்.

பயறு முளைத்திருந்தது. ஒவ்வொரு மணியிலும் வெண்ணிறத்தில் ஒரு சிறு வால்.

தீயை அணைத்த துணியே அதற்கு நீர் வார்த்திருந்தது. அடுப்பைக் காணாமலே அது உணவாகி நின்றது. ஊர்க் கோயிலுக்கு வரும் தேங்காயும் பழமும் யார் வீட்டிலிருந்து வந்தவை என்று எந்தக் குருக்களும் கேட்டதில்லையே! வேகாத பொருளுக்கு வாசலில் தடை இருந்ததில்லையே! என் படையலின் ஓரத்திலும் நாள்தோறும் ஒரு வாழைப்பழம் இருந்தது. அதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

பயற்றைக் கழுவி ஒரு கிண்ணத்தில் இட்டு, வோக்கரில் தொங்கும் துணிப்பைக்குள் வைத்தேன். இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துப் பன்னிரண்டு அடி நடந்தேன். எதுவும் சிந்தவில்லை, எதுவும் சுடவில்லை. படைத்தேன். மறந்திருந்த பதிகம் வாயில் வந்தது. ஒரு பிடி தின்றேன். மீதியை அப்படியே வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன்.

"பிலோமினா, மாஸ்டர் கதைக்கிறன்."

"ஓம், சொல்லுங்கோ."

"நான் செய்தது பாவம், பிள்ளை. மன்னிக்க வேணும்."

"பாவமன்னிப்பெண்டால் எங்கட சுவாமியாரிட்டைப் போங்கோ. எனக்கு லைசென்ஸ் இல்லை." பிறகு, "இப்ப என்ன சாப்பிட்டனீங்கள்?"

"முளைச்ச பயறு."

"பச்சையாவோ? ஐயோ மாஸ்டர், ரெண்டு நாள் வெளியிலை கிடந்ததோ? வயித்தைக் கொண்டுபோகும். தொடாமல் வையுங்கோ, வாறன்!"

தேவாலயப் பூசையிலிருந்து வந்த உடுப்போடே வந்தாள். வேலையிடத்து ஒழுங்கு அவள் கையில் இருந்தது. முளைவிட்ட பயற்றில் கொதிநீர் ஊற்றி வடிக்கவேண்டும். நறுக்கியதைக் குளிரில் வைக்கவேண்டும். பெட்டியில் நாளை எழுதவேண்டும். மூன்று நாள் கடந்தால் எறியவேண்டும். "எறியிறதிலை நீங்கள் பழக்கம்தானே," என்றாள். அந்த அடியை நான் தலைகுனிந்து ஏற்றேன். அன்றிலிருந்து ஞாயிறும் புதனும் அவள் கரட், வெள்ளரிக்காய், முட்டைக்கோவா, பீற்றூட் எல்லாம் என் மேசையருகே அமர்ந்து நறுக்குகிறாள். தேங்காய்ப்பூவும் பிழிந்த தேசிக்காய்ப்புளியும் நான் கலக்கிறேன். அவல் நனைத்து, பாலும் பழமும் சேர்த்துக் காலைப் படையல்.

எளிதாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். என் பற்கள் அதற்கு ஒத்துழைக்கவில்லை. முதல் வாரம் வயிறு பொருமி இரவெல்லாம் உட்கார்ந்திருந்தேன். துருவிய பின்பே மெல்ல முடிந்தது. மருத்துவரிடம் கேட்டபோது, பாலும் பருப்பு வகையும் குறையக்கூடாது என்றார். ஒரு தட்டுச் சுடுசோற்றுக்காகக் குழந்தைபோல் ஏங்கிய நாட்கள் உண்டு, இன்றும் உண்டு.

மாசியில் அந்தச் சமூகநல அலுவலர் வந்தார். பிரெஞ்சில் கேட்டார். எனக்காக மொழிபெயர்க்க இருந்தவள் பிலோமினா. அவள் ஒரு சொல்லை மாற்றிச் சொல்லியிருந்தாலும் நான் கேள்வி கேட்டிருக்க முடியாது. அலுவலர் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார். நாள் எழுதிய பெட்டிகள் வரிசையாக இருந்தன. நீண்ட கேள்வி ஒன்று கேட்டார்.

"நான் தாற சாப்பாட்டை நீங்கள் உண்மையாச் சாப்பிடுறியளோ எண்டு கேக்கிறா," என்றாள் பிலோமினா, என்னைப் பாராமலே. பிறகு அலுவலர் பக்கம் திரும்பிச் சுருக்கமாக ஏதோ சொன்னாள்.

"என்ன சொன்னனி, பிள்ளை?"

"இப்ப சாப்பிடுறார் எண்டு சொன்னனான்."

வீட்டிலேயே இருக்கலாம் என்று எழுதினார்கள். ஆறு மாதத்தின் பின் மறுபடியும் வந்து பார்ப்பார்கள். என் கால் இனித் தேறாது. அடுத்த குளிர்காலத்தைக் காண்பேனா என்பது எனக்குத் தெரியாது. ஆயினும் விளக்கு எரிகிறது, சத்தியம் நிற்கிறது.

தனித்திருக்கும் என் வயதினரே, உங்கள் அடுப்பும் ஒருநாள் அணையலாம். அன்று உங்கள் தெய்வம் பட்டினி கிடக்கும் என்று அஞ்சாதீர்கள். இயன்றதைக் கழுவி, நறுக்கி, அவன்முன் வையுங்கள். அவனோடு வழக்காடவும் கூசாதீர்கள்; அவன் கேட்கிறான். ஆனால் உங்கள் கதவைத் தட்டுபவரிடம் மனத்தில் உள்ளதை முதலில் வாய்திறந்து சொல்லுங்கள். நான் இழந்த நாட்களை நீங்கள் இழக்க வேண்டாம்.

அந்தப் புதுச் சட்டியைப் பிலோமினா எனக்கே தந்துவிட்டாள். அது இனி அடுப்பேறப் போவதில்லை. அதில்தான் நாளைய பயறு ஊறிக்கொண்டிருக்கிறது.