“மொதல்ல நீ கட்டிக்கோ”

என் மாமியாருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்தது போன ஆடி மாதம். திருப்பதி ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து, இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வரதய்யபாளையத்தில் வீடு என்றால் நான்தான். என் வீட்டுக்காரருக்குத் தடா பக்கம் கம்பெனியில் ஷிப்ட் வேலை. நாத்தனார் ஜெயந்தி பிச்சாட்டூரில் இருக்கிறாள். அம்மாவை அங்கே கொஞ்ச நாள் அனுப்பலாமா என்று அவர் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். அத்தைக்கு அப்போது பேச்சு குழறிக்கொண்டிருந்தது. ஆனாலும் இதை மட்டும் தெளிவாகச் சொன்னார்.

“பொண்ணு குட்த்த வூட்ல போய் குந்திக்கினு சோறு துன்னணுமா நானு?”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பெண் வீட்டில் ஒரு ராத்திரி கூடத் தங்காதவர் அவர்.

தூக்கி உட்கார வைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது, துடைப்பது, கரைத்து ஊட்டுவது எல்லாம் நான்தான். ஒரு படுக்கைப் புண் வர விடவில்லை. அதைப் பெருமையாகவே சொல்கிறேன். ஆனால் என் சாப்பாடு, அடுப்படியில் நின்றபடி பழைய சோறும் மாங்காய் ஊறுகாயும்தான். புரட்டாசி வந்ததும் அத்தைக்காகச் சனிக்கிழமை ஒருபொழுது வேறு இருந்தேன்.

பின்கழுத்து வலிக்க ஆரம்பித்தது. எழுந்தால் தலை சுற்றியது. எதற்கெடுத்தாலும் கோபம் வந்தது. ஒருநாள் அத்தை கஞ்சியைத் துப்பிவிட்டார் என்று கிண்ணத்தை நங்கென்று வைத்தேன். அவர் மிரண்டு பார்த்தார். பெற்ற பெண் கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று தெருவே சொல்லிக்கொண்டிருந்ததால், எல்லாம் கண் திருஷ்டி என்று முடிவு கட்டி மிளகாய் சுற்றிப் போட்டேன். துளி நெடி வரவில்லை. எவ்வளவு பெரிய கண்ணாக இருந்தால் நெடியே வராமல் போகும் என்று நினைத்தேனே தவிர, டாக்டரிடம் போகத் தோன்றவில்லை.

ஒரு சாயங்காலம் அத்தையைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. எப்படியோ அவரைக் கட்டிலிலேயே சாய்த்துவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவரோடு சேர்ந்து விழுந்திருந்தால் இரண்டு பேரையும் தூக்க வீட்டில் ஆளில்லை. அன்றைக்கு விளக்கேற்றிவிட்டுப் பெருமாள் படத்தின் முன் உட்கார்ந்து அழுதேன். “சாமி, அத்தை இருக்கிறவரைக்கும் என்னை விழ விடாதே. அப்புறம் உன் இஷ்டம்” என்று வேண்டிக்கொண்டேன். வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் அத்தைக்குப் பிபி பார்க்க வேண்டும். மெஷினின் பட்டை கையை இறுக்குவது அவருக்குப் பிடிக்காது. மகன் பக்கத்தில் இருந்தால் எதையாவது பேசிக் கட்டிவிடுவார். அன்று அவர் வேலைக்குப் போயிருந்தார். அத்தை கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

“மொதல்ல நீ கட்டிக்கோ. வலிக்குதா இன்னான்னு பாக்கறேன்.”

எரிச்சலாக இருந்தது. சரி, சின்னக் குழந்தைக்குச் செய்வதுபோல என்று என் கையில் கட்டிப் பட்டனை அழுத்தினேன். மேல் அளவு இருநூறைத் தாண்டி நின்றது. மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து அத்தைக்குக் கட்டினேன். அவருக்குச் சரியாக இருந்தது. மறுபடி எனக்குக் கட்டினேன். அதே இருநூறு.

அத்தைக்கு நம்பர் படிக்கத் தெரியாது. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஜெயந்திக்கு போன் போடு,” என்றார்.

“எதுக்கு அத்தை? அவ பசங்கள ஸ்கூலுக்கு அனுப்பிக்கினு இருப்பா.”

“போடுமா. நான் அங்க போறேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போ.”

நான் கேட்கவே இல்லை. என் வாயால் கேட்டிருந்தாலும் அவர் சம்மதித்திருக்கமாட்டார். அந்த வார்த்தையை அவர் வாயில் வைத்தது பெருமாள் என்றுதான் நான் நம்புகிறேன். மத்தியானத்துக்குள் ஜெயந்தி வண்டியோடு வந்துவிட்டாள்.

டாக்டர் தெலுங்கில் நன்றாகத் திட்டினார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு கட்டில் போட்டிருக்க வேண்டும் என்றார். மாத்திரை கொடுத்தார். ஊறுகாய் கூடாது, பட்டினி கூடாது, தூக்கம் வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்து தூங்கினேன். தூங்கினேன் என்றால், குக்கர் விசில் கூடக் காதில் விழாத தூக்கம். பக்கத்து வீட்டு அம்மா, “மாமியார அனுப்பிட்டியாமே?” என்று இழுத்தார். ஆமாம், அனுப்பிட்டேன் என்றேன். மனசு கொஞ்சம் குத்தியது. பொய் சொல்லவில்லை.

இப்போது அத்தை ஒரு மாதம் எங்களோடும் ஒரு மாதம் ஜெயந்தியோடும் இருக்கிறார். நடை வரவில்லை. டாக்டர்களும் நம்பிக்கை கொடுக்கவில்லை. ஆனால் அவரைத் தூக்கும்போது எனக்குக் கண் இருட்டுவதில்லை. கிண்ணத்தை மெதுவாக வைக்கிறேன். அவரோடு உட்கார்ந்து டிவி பார்க்கிறேன். முதல் தடவை பிச்சாட்டூருக்குப் பார்க்கப் போனபோது, வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், “மாத்தர போட்டியா?” என்று உள்ளேயிருந்து கேட்டார்.

அன்று ஜெயந்தியோடு அங்கேயுள்ள பெருமாள் கோயிலுக்குப் போனேன். அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்டார். அத்தை பெயரைச் சொன்னேன். வீட்டுக்காரர், ஜெயந்தி குடும்பம் எல்லாம் சொல்லி முடித்தேன். அவர் திரும்பும்போது ஜெயந்தி நிறுத்தினாள்.

“சாமி, இன்னொரு பேரு. எங்க அண்ணி, மோகனா. சதய நட்சத்திரம்.” என் பக்கம் திரும்பி, “அம்மா ஒருதடவைக்கு ரெண்டு தடவ சொல்லி அனுப்பிச்சுது அண்ணி, மறந்துட்டு வராதேன்னு” என்றாள்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து எத்தனையோ தட்டு நீட்டியிருக்கிறேன். என் பெயர் உள்ளே கேட்டது அன்றைக்குத்தான். அழுகையை அடக்க முடியவில்லை.

வீட்டில் யாரையாவது படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பக்தர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவர்களுக்காக வேண்டுங்கள், கட்டாயம் வேண்டுங்கள். பெருமாள் கேட்பார். எனக்குக் கேட்டார். தட்டை நீட்டும்போது கடைசியிலாவது உங்கள் பெயரையும் சொல்லுங்கள். நட்சத்திரம் மறந்துபோயிருந்தால் பெயர் மட்டும் போதும்.