போனில் படித்தவள்

அந்தப் பெரியவரின் தொங்கிய இடது கை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. முசிறிப் பக்கம் வாழை போட்டவர். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்துபோய், திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இன்டர்ன்ஷிப்பில் எனக்கு அது முதல் நாள். அவரை எழுப்பி நாற்காலிக்கு மாற்ற வேண்டும். விழுந்த பக்கம் நின்று பிடிக்க வேண்டும் என்பது பாடம். நானோ வலது பக்கம் போய் நின்றேன். அவர் இடப்பக்கம் சரிந்தார். வார்டு ஆயா ஓடிவந்து தாங்காவிட்டால் தலை தரையில் மோதியிருக்கும்.

தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. என் பிசியோதெரபி படிப்பில் பாதியை ஊரடங்கு விழுங்கிவிட்டது. திருவெறும்பூர் வீட்டில் போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்துப் படித்தேன். மேடம் திரையில் எதிரே நின்று செய்து காட்டுவார். பார்த்து அப்படியே செய்வேன். எதிரே நிற்பவருடைய வலது எனக்கு இடதாகத் தெரியும் என்று யோசிக்கவே இல்லை. நோயாளியாகக் கிடைத்ததோ ஒரு தலையணை. தலையணைக்கு ஏது விழுந்த பக்கம்? தசை, நரம்பு எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஓர் ஆளின் கனம் மட்டும் தெரியாது.

அதைத் திருத்துவதுதானே எங்கள் சீஃப் தெரபிஸ்டின் வேலை? அந்த மனுஷன் வார்டு முழுக்கக் கேட்கும்படி, "இதுங்கல்லாம் போன்ல படிச்சிட்டு வந்ததுங்க. யாரும் தொட விடாதீங்க" என்றார். சிரிப்பு வேறு. அப்புறம் ஆறு மாதமும் எனக்குத் துண்டு மடிப்பதும் ஒத்தடப் பை சூடாக்குவதும்தான் வேலை. பாவி! அவர் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து முசிறிப் பெரியவர்தான் கூப்பிடுவார்: "வா பாப்பா, இன்னொரு தடவ பிடி. நான் விழமாட்டேன்." அவர் வார்டில் இருந்த மூன்று வாரம், அந்தப் பத்துப் பத்து நிமிடங்களில்தான் தொழில் கற்றேன். இந்த சீஃப் ஒருநாள் என்னிடம் மாட்டாமலா போவார் என்று அன்றே கறுவிக்கொண்டேன்.

மாட்டினார். இப்போது ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் சின்னதாகக் கிளினிக் வைத்திருக்கிறேன். போன மாதம், தோள் இறுகி, சட்டை போடக்கூட முடியாமல் வந்து நின்றார். ரிட்டயர் ஆகிவிட்டாராம். என்னை அடையாளமே தெரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் தினமும் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேனே, அந்த ஆளுக்கு நான் யாரென்றே ஞாபகமில்லையாம்! இறுகிய தோளை நீட்டினால் வலிக்கத்தான் செய்யும். தேவைக்கு மேல் ஓர் இழுப்பு இழுத்தால் யாருக்குத் தெரியும்? ஆசை கை வரைக்கும் வந்தது. இழுக்கவில்லை. தொழிலுக்குப் பயந்துதான், அவர்மேல் இரக்கமெல்லாம் இல்லை.

நேற்று முதன்முறையாகக் கை தோளுயரம் வந்தது.

"நல்ல கைம்மா உனக்கு. எங்க படிச்சே?"

"போன்லதான் சார். இன்டர்ன்ஷிப் உங்க வார்டுல. ஆறு மாசம் துண்டு மடிச்சேன்."

முகம் வெளிறிவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் விடவில்லை. "பேசாதீங்க சார், மூச்ச இழுத்து விடுங்க" என்று கையை இன்னும் கொஞ்சம் மேலே கொண்டுபோனேன். தோள் சரியாக இன்னும் இரண்டு மாதமாவது ஆகும். நாளைக் காலை பத்து மணிக்கு அவர் வந்துதான் தீர வேண்டும். வரட்டும்.