இன்ஜின் இல்லாத ஸ்போர்ட்ஸ் காரும் பதினோரு சாவிகளும்

ஆம்பூருக்குப் பக்கத்தில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் மூன்று மாதம் நான் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டினேன். அந்தக் காருக்கு இன்ஜின் கிடையாது. சக்கரமும் கிடையாது. ஆனாலும் தினமும் பயந்துகொண்டேதான் ஓட்டினேன். நான் எதற்கும் பயப்படுகிற ஆள். பெயிலாகிவிடுவேனோ என்று பயந்து ஐந்தாம் வகுப்புப் பரீட்சைக்கே போகாமல் நின்றுகொண்டவன். இப்போது டேனரி வேலைக்கு வருகிறவர்கள் என்னைவிட நிறையப் படித்தவர்கள். இருந்தாலும் இந்த விஷயம் அவர்கள் பாடப் புத்தகத்தில் இருக்காது என்பதால் எழுதி வைக்கிறேன்.

1. தராசு

வெள்ளைக்காரன் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் தோல் மட்டும் கப்பலில் சீமைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. ஒரு நாள் அங்கே ஒரு கார் கம்பெனியிலிருந்து முதலாளிக்குக் கடிதம் வந்தது. இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் புதிதாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். அதற்குக் கூரை இல்லை, மழை வந்தால் சீட் நனையும். நனைந்த சீட்டில் ஆள் உட்கார்ந்தால் சாயம் துணியில் ஒட்டக் கூடாது, தோலில் கறை விழக் கூடாது. அப்படி ஒரு சிவப்புத் தோலைத் தயார் செய்து, சோதித்துப் பார்த்து வையுங்கள், எங்கள் ஆள் நேரில் வந்து பார்ப்பார் என்று எழுதியிருந்தார்கள். கூடவே ஒரு டிராயிங்.

முதலாளி அதைப் படித்துச் சொன்னபோது சாய மேஸ்திரி ரஹீம் பாயும் நானும்தான் ஆபீஸில் இருந்தோம். ரஹீம் பாய் கை முழங்கை வரை சிவந்தே இருக்கும். இருபது வருஷச் சாயம்.

“தெனம் மழை பெய்யற ஊர்ல கூரை இல்லாத காரா? இன்னா முதலாளி இது?”

“அவன் காரு, அவன் மழை. உனக்கு இன்னா பேஜாரு?”

“ரெண்டே சீட்டுன்னா புள்ளைங்க எங்க உக்காரும்?”

“புள்ளைங்க இல்லாதவன் வாங்குவான்.”

“அப்ப நம்ம ஊர்ல ஒண்ணுகூட விக்காது” என்றார் ரஹீம் பாய்.

மாட்டு வண்டி செய்கிற ஆசாரி ஒருவர் டிராயிங்கைப் பார்த்து மாமரப் பலகையில் அந்தக் காரைச் செய்தார். பக்கத்துக்கு ஒரு கதவு, நடுவே இரண்டு சீட். ஸ்டியரிங்குக்குப் பழைய சல்லடையின் வளையத்தைப் பொருத்தினார். தோல் காயப்போடும் முற்றத்தின் நடுவில் அது நின்றது. பார்க்கிறவர்கள் அதைத் தண்ணீர்த் தொட்டி என்று நினைத்தார்கள்.

உட்கார்ந்து சோதிக்க ஒரு ஆள் வேண்டும். பதினோரு ஸ்டோன் எடை இருக்க வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. அதாவது நூற்று ஐம்பத்து நாலு ராத்தல், இப்போதைய கணக்கில் எழுபது கிலோ. தோல் நிறுக்கும் தராசில் எல்லாரையும் ஏற்றி இறக்கினார்கள். நான் சரியாக நூற்று ஐம்பத்து நாலு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் குடோன் பார்க்கிறவன். பதினோரு பூட்டுக்குப் பதினோரு இரும்புச் சாவி. ஆணியில் மாட்டினால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் கயிற்றில் கோத்து வேட்டிக்கு மேலே இடுப்பில் கட்டியிருப்பேன். தராசில் ஏறியபோதும் அது இடுப்பில்தான் இருந்தது. இறங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. சாவிக்கொத்து மட்டும் மூன்று ராத்தல் இருக்கும். அப்படியென்றால் நான் பதினோரு ஸ்டோன் இல்லை. சீமைக் கம்பெனியை ஏமாற்றிவிட்டேன்.

சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் முதலாளி எனக்குப் புது வேட்டி வாங்க ஆள் அனுப்பிவிட்டார். அன்று முதல், சீட்டில் உட்காரும்போது சாவியைக் கழற்றவே இல்லை. கழற்றினால் எடை குறைந்துவிடுமே.

2. சுருங்கிய கார்

வேலை இதுதான். காலையில் பூவாளியால் சீட்டை நனைப்பார்கள். நான் வெள்ளை வேட்டியோடு ஏறி ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். சும்மா உட்காராமல் வண்டி ஓட்டுவதுபோல் அசைய வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. அதனால் சல்லடை வளையத்தை இப்படியும் அப்படியும் திருப்புவேன். தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிற பெண்கள் போகும்போதும் வரும்போதும் விசாரிப்பார்கள்.

“கோவிந்தண்ணா, எங்க வரைக்கும் போய்ட்ட?”

“காவேரிப்பாக்கம்.”

“நேத்தும் அங்கதான இருந்த. வண்டி ரிப்பேரா?”

மணி ஆனதும் இறங்கி நிற்பேன். “திரும்பு” என்பார் ரஹீம் பாய். முற்றத்தில் இருக்கிற இருபது பேரும் என் வேட்டியின் பின்பக்கத்தைப் பார்ப்பார்கள். முதல் வாரம் சாயம் ரோஜா நிறத்தில் வேட்டியில் இறங்கியது. அந்த வேட்டியோடு வீட்டுக்குப் போனபோது என் மனைவி எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ரஹீம் பாய் சாயத்தை மாற்றி மாற்றிக் காய்ச்சினார். ஐந்தாவது வாரம் வேட்டி வெள்ளையாகவே வந்தது. நான் இளைத்தால் சோதனை கெடும் என்று அவர் வீட்டிலிருந்தே எனக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தார்.

இதற்குள் சீமையில் கார் மாறிக்கொண்டே இருந்தது. எங்களுக்கு அது கடிதத்தில்தான் தெரியும். கதவைத் தாழ்த்திவிட்டோம் என்று ஒரு கடிதம். கியர் பெட்டி பெரிதாகிவிட்டது, சீட் அகலத்தில் ஒரு அங்குலம் குறையுங்கள் என்று இன்னொன்று. பிறகு மறுபடியும் ஒன்றரை அங்குலம். ஆசாரி ஒவ்வொரு தடவையும் பலகையை அறுப்பார். நாங்கள் சீட்டின் தோல் உறையைப் பிரித்துத் தைப்போம்.

“தொரைங்க பட்டினி கிடக்கறாங்க போல” என்பார் ஆசாரி.

கடைசியாகக் குறைத்த பிறகு நான் சீட்டில் செருகினாற்போல் உட்கார வேண்டியிருந்தது. வலது இடுப்பில் இருந்த சாவிக்கொத்து பலகைக்கும் எனக்கும் நடுவில் சிக்கிக் குத்தியது. அதை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டேன்.

அன்றைக்கு நான் இறங்கியபோது வேட்டி சுத்தமாக இருந்தது. ஆனால் சீட்டின் முதுகில் கருநீலமாக ஒரு கறை, விரல் விரித்த கைபோல.

3. இரும்பைத் தேடினோம்

ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கும்போது இரும்பு பட்டால் கறுத்துவிடும். டேனரியில் முதல் நாளே சொல்லித்தரும் பாடம் இது.

“இரும்பு பட்டிருக்குது முதலாளி” என்றார் ரஹீம் பாய்.

எல்லாரும் இரும்பைத் தேடினோம். காரிலிருந்த இரும்பு ஆணிகளைப் பிடுங்கிப் பித்தளை ஆணி அடித்தோம். பூவாளியைத் தூக்கிப் போட்டுவிட்டு மண்குடத்தில் தண்ணீர் ஊற்றினோம். கிணற்று ராட்டினத்தைக்கூட மாற்றினோம். உறையை மறுபடி தைத்தோம். நான் நனைந்த சீட்டில் உட்கார்ந்தேன். அதே இடத்தில் அதே கறை.

இந்தத் தேடலில் என்னைவிட அதிகம் உழைத்தவன் கிடையாது என்று சத்தியமாகச் சொல்வேன். இரும்புத் தூள் எங்காவது சிந்தியிருக்குமோ என்று பதினோரு குடோனையும் திறந்து பெருக்கினேன். ஒவ்வொன்றையும் என் இடுப்பில் இருந்த சாவியால்தான் திறந்தேன்.

கார் கம்பெனி துரை வரும் தேதி நெருங்கியது. முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது.

“இரும்பு எங்கயும் இல்ல. அப்ப உன் சாயம்தான் ரஹீமு.”

“மூணு வாரம் முன்ன வரைக்கும் என் சாயம் கறை குடுக்கலியே முதலாளி.”

“இப்ப குடுக்குதே. தொரை வர்றப்ப கறை இருந்தா ஆர்டர் போச்சு. ஆர்டர் போனா மறுநாள்லருந்து நீயும் வர வேணாம்.”

அன்று மத்தியானம் ரஹீம் பாய் சாப்பாட்டுத் தூக்கை என் முன்னால் வைத்துவிட்டு, தான் சாப்பிடாமல் எழுந்துபோனார்.

4. துரை ஏறினார்

துரை வரும் நாள் காலையில் குடோன் வாசலில் ஈரத்தோல் அடுக்கின் மேல் சாய்ந்து பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டியதை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். நிமிர்ந்து திரும்பியபோது தோலில் அந்தக் கை இருந்தது. விரல் விரித்த கருநீலக் கை. என் முதுகுப் பக்கம் தொட்டுப் பார்த்தேன். பதினோரு சாவி, பதினோரு விரல்.

சாவியைக் கிணற்றில் போட்டுவிடலாமா என்று தோன்றியது. போட்டால் பதினோரு குடோனையும் உடைத்துத்தான் திறக்க வேண்டும். பேசாமல் இருந்துவிடலாம் என்றால், காரில் இருக்கிற உறையில் கறை இருக்கிறது. புது உறை தைக்க இரண்டு நாள் ஆகும். துரை வாசலில் இறங்கிக்கொண்டிருந்தார்.

அவர் நெட்டையான ஆள். கார் கட்டுகிறவர், தோலைப் பற்றி அதிகம் தெரியாது. மாமரக் காரைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து மூடிப் பார்த்துச் சிரித்தார். பிறகு கறையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. முதலாளி ரஹீம் பாயைப் பார்த்தார். ரஹீம் பாய் தரையைப் பார்த்தார்.

“முதலாளி, கறை என்னுது” என்றேன்.

“இன்னாடா சொல்ற?”

“என் இடுப்பு சாவி. இரும்பு. அதுவுமில்லாம நான் பதினோரு ஸ்டோனும் கெடையாது. சாவிய சேத்துதான் நிறுத்தாங்க.”

எடை விஷயத்தை அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைச் சொன்னதும் மற்றதும் கூடவே வந்துவிட்டது.

முதலாளி முகம் சீட்டைவிடச் சிவந்தது. “மூணு வாரமா ஊரெல்லாம் இரும்பு தேடினியேடா. இடுப்ப பாக்கலியா?”

துரை என்ன என்று கேட்டார். முதலாளி இங்கிலீஷில் ஏதோ சொன்னார், ரொம்பச் சுருக்கமாக. துரை செய்து காட்டச் சொன்னார். சீட்டுகள் இரண்டையும் நனைக்கச் சொல்லிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்து சீட்டில் தானே ஏறி உட்கார்ந்தார். மூன்று மாதமாகக் காலியாக இருந்த சீட் அது.

அரை மணி நேரம் வெயிலில், ஈரத்தில், அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில். எனக்கு அவர் பாஷை தெரியாது. சும்மா இருக்கப் பயமாக இருந்ததால் வழக்கம்போல் சல்லடை வளையத்தைத் திருப்பினேன். துரை கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இல்லாத கியரைப் பிடித்து மாற்றி, வாயால் இன்ஜின் சத்தம் போட ஆரம்பித்தார். வளைவு வந்தபோது இரண்டு பேரும் ஒரே பக்கம் சாய்ந்தோம்.

இறங்கினோம். என் சீட்டில் பழைய கறைக்கு மேல் புதிதாகப் பதினோரு விரல் கறை. துரையின் சீட்டில், பின்பாக்கெட் பட்ட இடத்தில், ஒரு ஸ்பானர். வாய், கழுத்து, பிடி எல்லாம் அச்சடித்தாற்போல்.

துரை பின்பாக்கெட்டுக்குள் கைவிட்டார். கார்க்காரர், ஸ்பானர் இல்லாமல் எங்கேயும் போகமாட்டார் போல. இருக்கிறது என்ற நினைப்பே அவருக்கு இல்லை. ஸ்பானரை வெளியே எடுத்துப் பார்த்தார்.

ரஹீம் பாய் அந்தக் கறையை ரொம்ப நேரம் பார்த்தார். மெதுவாகக் கேட்டார். “முதலாளி, தொரையயும் நாளைலருந்து வர வேணாம்னு சொல்லிடலாமா?”

முதலாளி அதை மொழிபெயர்க்கவில்லை. துரைக்கு அது தேவைப்படவும் இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். இரும்புதான் என்று உறுதியானதும் ரஹீம் பாய் எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் கறையில் தேய்த்தார். முக்கால்வாசி போய்விட்டது. மிச்சத்தையும் போக்கிவிடலாம் என்றார்.

முதலாளி என்னை விடவில்லை. சாவியைக் கழற்றச் சொல்லித் தராசில் ஏற்றினார். நூற்று ஐம்பத்தெட்டு. ரஹீம் பாய் வீட்டுச் சாப்பாடு. எத்தனை வாரமாக வீணாகப் பயந்தேன் என்று தெரியவில்லை.

கடைசியில்

ஆர்டர் வந்தது. அதோடு வந்த டிராயிங்கில் கதவின் உட்பக்கம் புதிதாக ஒரு பை இருந்தது, துணி உள்வைத்துத் தைப்பது. ஸ்பானருக்கும் சாவிக்கும் என்று முதலாளி படித்துச் சொன்னார். ஆசாரி பலகைக் கதவில் ஒரு பை அடித்தார். ரஹீம் பாய் எனக்கும் இடுப்பில் கட்ட ஒரு தோல் பை தைத்துக் கொடுத்தார். “உன் வேட்டிய இனிமே நாங்க பாக்க மாட்டோம், உன் பொண்டாட்டி பாத்துக்கட்டும்” என்றார்.

சில வருஷம் கழித்து வேலூரில் ஒரு பங்களா வாசலில் அந்தக் கார் நின்றிருந்ததைப் பார்த்தேன். நிஜமான கார். கதவுக்குள் எட்டிப் பார்த்தேன். பை இருந்தது. அதற்குள் வெற்றிலை, ஒரு சீப்பு. காவல்காரர் அதட்டியதும் வந்துவிட்டேன்.

வேலையில் தப்பு நடந்தால் எல்லாரும் நாலா பக்கமும் ஓடித் தேடுவார்கள். நானும் ஓடுவேன். ஆனால் ஓடுவதற்கு முன் ஒரு தடவை என் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.